எந்தக் கிழமை காசு வரும்? – உகாண்டா நாட்குறிப்பு

திங்கள், கம்பாலா

என்டெபே விமான நிலையத்திலிருந்து கம்பாலாவுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். ஊர் நெருங்க நெருங்கக் கண்ணில் படுவது ஒன்றுதான்: யாரும் சும்மா இல்லை. சாலையோரத்தில் கட்டில் செய்கிறார்கள், இரும்பு கேட்டுக்கு வெல்டிங் வைக்கிறார்கள். வண்டி கொஞ்சம் நின்றால் போதும், ஜன்னல் வழியாக வாழைப்பழமும் சார்ஜரும் கைக்குட்டையும் நீள்கின்றன. ஏழை நாடு என்றால் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களின் நாடு என்று நினைப்பவர்களை இந்தச் சாலையில் ஒருமுறை அழைத்து வர வேண்டும்.

உகாண்டா என்றதும் எல்லோரும் கேட்பது கொரில்லாவைத்தான். வெளிநாட்டுக்காரருக்கு அனுமதிச் சீட்டு 800 டாலர். நமக்குக் கட்டுப்படியாகாது. தவிர, நான் வந்தது வேறொரு கேள்வியோடு. உலக வங்கியின் 'குறைந்த வருமான நாடுகள்' வரிசையில் உகாண்டாவும் இருக்கிறது. இத்தனை பேர் இத்தனை நேரம் உழைத்தும் வறுமை ஏன் நகர மாட்டேன் என்கிறது? இந்த வாரம் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டு திரியப் போகிறேன்.

விடுதிக்குப் போக ஒரு போடா போடா பிடித்தேன். மோட்டார் சைக்கிள் டாக்ஸி. ஸ்டாண்டில் நின்ற வண்டிகளில் பெரும்பாலும் பஜாஜ் பாக்ஸர், நடுநடுவே டிவிஎஸ். ஓட்டியவருக்கு 25 வயது இருக்கலாம். "மெதுவாகத்தான் போவேன், ஸெபோ" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு வேன்களுக்கு நடுவில் ஒரு முழங்கை இடைவெளியில் புகுந்து வெளியே வந்தார். 'ஸெபோ' என்பது இங்கே ஆண்களை மரியாதையாக அழைக்கும் சொல். அன்று முழுவதும் என்னைக் காப்பாற்றியது அந்த மரியாதை மட்டும்தான்.

இறங்கியதும் கணக்கைக் கேட்டேன். கூச்சப்படாமல் சொன்னார். வண்டி அவருடையதல்ல, முதலாளியுடையது. ஒரு நாளைக்கு 10,000 ஷில்லிங் வாடகை. ஒரு டாலர் ஏறத்தாழ 3,700 ஷில்லிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணியிலிருந்து வரும் முதல் சவாரிகளின் காசு முதலாளிக்கு. அடுத்தது பெட்ரோலுக்கு. மதியத்துக்கு மேல் வருவதுதான் அவருக்கு. அதிலும் போலீஸ்காரர் கைகாட்டினால் கொஞ்சம் குறையும். மழை பெய்தாலும், காய்ச்சல் வந்தாலும், சங்கிலி அறுந்தாலும் அந்த 10,000 மட்டும் மாறாது.

"நல்ல நாள்களே மாதம் பூராவும் வந்தால், பள்ளிக்கூட வாத்தியாரைவிட நான் அதிகம் சம்பாதிப்பேன்" என்றார். வீம்பாகச் சொல்லவில்லை. அவர் சொன்ன தொகைகளைக் கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது.

இரவு உட்கார்ந்து இன்னொரு கணக்குப் போட்டேன். அவர் கட்டும் வாடகையை இரண்டு வருடத்துக்குக் கூட்டினால் ஏறக்குறைய ஒரு புது வண்டியின் விலை வந்துவிடுகிறது. அவர் இந்தத் தொழிலில் நான்கு வருடமாக இருக்கிறார். இரண்டு வண்டிக்கான காசைக் கொடுத்துவிட்டு இன்னும் வாடகை வண்டியே ஓட்டுகிறார். வருமானம் இல்லாமல் இல்லை. மொத்தமாக ஒரு தொகை ஒரே நாளில் கையில் நின்றதில்லை, அவ்வளவுதான். அதற்கு அவர் தினமும் அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

செவ்வாய், ஓவினோ சந்தை

அரசுக் காகிதங்களில் இதன் பெயர் செயின்ட் பாலிக்குடெம்பே சந்தை. ஊரார் வாயில் ஓவினோதான். பழைய துணிக்குப் பேர் போன இடம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மக்கள் கழித்துப் போட்ட துணிகள் பேல் பேலாகக் கட்டப்பட்டு இங்கே வந்து சேர்கின்றன.

ஒரு பேல் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பட்டைகளைக் கத்தியால் அறுத்ததும், உள்ளே அமுங்கிக் கிடந்த துணிகள் மூச்சு விடுவதுபோல் மெல்ல எழும்பின. சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் குனிந்தார்கள். இவர்கள் வாடிக்கையாளர்கள் அல்ல, பொறுக்கி எடுத்து வேறு இடத்தில் விற்கிற சிறு வியாபாரிகள். நல்ல சட்டைகள் முதல் ஐந்து நிமிடத்தில் காலி. அப்புறம் பொத்தான் போனது, காலர் நைந்தது. அடியில், குழந்தைகள் போடும் தடித்த பனிக்கோட்டுகள் வரிசையாக! பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரில் பனிக்கோட்டு. கடைக்கார அம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நஷ்டம் அவருடையது.

பேலைப் பிரிக்காமல்தான் வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரித்த பிறகுதான் தெரியும். இந்தப் பேல் கடன் வாங்கி எடுத்தது. சனிக்கிழமைக்குள் அசலும் வட்டியும் திருப்பித் தர வேண்டும். ஆகவே வியாழன் வரை விலை பேசுவார், வெள்ளிக்கிழமை கேட்ட விலைக்குக் கொடுப்பார். இன்னும் ஒரு வாரம் வைத்திருந்தால் நல்ல விலை போகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? காத்திருக்க வசதி இல்லை.

இந்த வியாபாரத்தின் தலைக்கு மேல் எப்போதும் ஒரு கத்தி தொங்குகிறது. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2016-இல் கூடி, பழைய துணி இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்துவதென்று முடிவெடுத்தன. அமெரிக்கா வர்த்தகச் சலுகையை எடுத்துவிடுவோம் என்றது. மற்றவர்கள் பின்வாங்கினார்கள், ருவாண்டா மட்டும் பிடிவாதமாக நின்று, 2018-இல் ஆயத்த ஆடைகளுக்கான சலுகையை இழந்தது. 2023-இல் அதிபர் முசெவேனி பழைய துணிக்குத் தடை என்று மறுபடி அறிவித்தார். சந்தை இன்னும் நடக்கிறது. உள்நாட்டு ஆலைகள் எழ வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆலை எழும்வரை இந்த அம்மா என்ன செய்வார் என்று யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

உலகம் வேலையை எப்படி எண்ணுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் இலக்கணப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்திருந்தால் நீங்கள் வேலையில் இருப்பவர். வேலையில்லாதவர் என்று பெயர் வாங்க, ஒரு மணி நேரம்கூட உழைத்திருக்கக் கூடாது, அதே சமயம் வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். நிவாரணத் தொகையோ சேமிப்போ இல்லாத ஊரில் ஒரு வாரம் முழுக்கச் சும்மா இருக்க யாரால் முடியும்? அதனால்தான் பல ஏழை நாடுகளில் வேலையின்மை விகிதம் பணக்கார நாடுகளைவிடக் குறைவாகத் தெரிகிறது. பனிக்கோட்டை விற்க முடியாமல் உட்கார்ந்திருந்த அம்மாவும் புள்ளிவிவரத்தில் வேலையில் இருப்பவர்தான்.

சரி, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லையா? இருக்கிறது. மாதம் 6,000 ஷில்லிங். நிர்ணயித்தது 1984-இல். இன்றைய மதிப்பில் இரண்டு டாலர்கூட இல்லை. நாடாளுமன்றம் 2019-இல் புது மசோதா ஒன்றை நிறைவேற்றியது. அதிபர் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தாலும் ஓவினோவில் யார் யாருக்குக் கூலி கொடுக்கிறார்கள்? இங்கே முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஆள். ஆப்பிரிக்காவில் வேலை செய்பவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் இப்படி முறைசாரா வேலையில் இருக்கிறார்கள் என்கிறது அதே தொழிலாளர் அமைப்பு. கூலிச் சட்டம் அவர்களுக்கு எட்டாத உயரத்தில் கிடக்கிறது.

புதன், மசாகா போகும் வழி

பயண நாள், எழுத அதிகமில்லை. கம்பாலாவிலிருந்து மசாகா சுமார் 130 கிலோமீட்டர். நடுவில் கயாப்வே என்ற இடத்தில் பூமத்திய ரேகை. வெள்ளை வளையத்துக்குள் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் எடுத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் மொபைல் பணக் கடைகள், ஒரு ஆள் உட்காரும் அளவு பெட்டி. 2009-இல் தொடங்கிய சேவை இது. வங்கிக்கே போகாதவர்கள் இதில்தான் காசு அனுப்புகிறார்கள். 2018 ஜூலையில் அரசு ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு சதவீத வரி போட்டது. கூச்சல் கிளம்பியதும் பணம் எடுப்பதற்கு மட்டும் அரை சதவீதம் என்று இறக்கியது. கையில் வரும் காசு சிறிது சிறிதாக வந்தால், அதன்மேல் விழும் வரியும் கட்டணமும் அத்தனை முறை விழும். மாதம் ஒருமுறை சம்பளம் வாங்குகிறவருக்கு இது உறைக்காது.

பஸ் முழுக்கப் பள்ளிப் பெட்டிகளோடு பெற்றோர்கள். பிப்ரவரியில் முதல் பருவம் தொடங்குகிறது. 2024 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4.59 கோடி, அதில் பாதிப்பேர் 18 வயதுக்குள். ஜனவரி இறுதியில் இந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் பேச்சு 'ஸ்கூல் ஃபீஸ்' என்றுதான் தொடங்குகிறது.

வியாழன், மசாகா

காப்பி நாடு. ரோபஸ்டா இந்த மண்ணின் சொந்தச் செடி. எஸ்டேட் என்று பெரிதாக எதுவும் கண்ணில் படவில்லை. வாழைக்கு நடுவே காப்பி, வீட்டுக்குப் பின்னால் காப்பி. ஒரு குடும்பத்துக்கு ஒன்றிரண்டு ஏக்கர் இருந்தால் அதிகம்.

நான் போன வீட்டில் தார்ப்பாயில் காய்ந்துகொண்டிருந்தது இரண்டாம் மகசூலின் மிச்சம். பழத்தை அப்படியே தோலோடு காயவைத்ததைக் 'கிபோகோ' என்கிறார்கள். வீட்டுக்காரர் ஒரு பிடி எடுத்துக் காதருகே குலுக்கிக் காட்டினார். கலகலவென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அவர் தார்ப்பாயின் ஓரத்தில் சத்தம் வந்தது, நடுவில் வரவில்லை. இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும். ஆனால் தரகர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். ஈரக் காப்பிக்கு விலை குறைவு. ஃபீஸ் கட்டும் நாள் மாறாது. நடுவில் இருந்ததையும் சேர்த்தே மூட்டை கட்டினார்கள்.

இதுவாவது பரவாயில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பூவையே விற்றிருக்கிறார். செடி பூக்கும்போதே, அதில் வரப்போகும் காயைத் தரகரிடம் முன்பணத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. மருத்துவமனைச் செலவு, ஒரு சாவு, இல்லையென்றால் ஃபீஸ் என்று ஏதோ ஒன்று காரணம். 2024-இல் லண்டன் சந்தையில் ரோபஸ்டா விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. உகாண்டா பத்திரிகைகள் கொண்டாடின. இவருடைய செடியும் அந்த வருடம் நன்றாகவே காய்த்தது. உயர்ந்த விலை பூ வாங்கியவருக்குப் போய்ச் சேர்ந்தது.

உழைக்கிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் விவசாயத்தில் இருக்கிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் விவசாயத்தின் பங்கோ கால்பங்குதான். அந்தக் கால்பங்கை அத்தனை பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு என்ன தேறும்? 'விளைச்சலைக் கூட்டு' என்பது எல்லா அறிக்கைகளிலும் இருக்கும் பதில். தப்பில்லை. ஆனால் இன்று நான் பார்த்த நஷ்டம் வயலில் நடக்கவில்லை. அறுவடைக்கும் ஃபீஸ் தேதிக்கும் இடையே உள்ள அந்தச் சில வாரங்களில் நடந்தது.

தொழிலாளர் கணக்கில் இன்னொரு கூத்து. 2013-இல் சர்வதேசப் புள்ளிவிவர வல்லுநர்கள் கூடி இலக்கணத்தை மாற்றினார்கள். தன் வீட்டுக்கே முக்கியமாக உணவு விளைவிப்பவர் இனிமேல் 'வேலையில் இருப்பவர்' அல்ல, அவர் செய்வது வேறு வகை உழைப்பு என்று பிரித்துவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு மண்வெட்டியோடு கிளம்பும் பெண், விற்க மூட்டை இல்லாத வருடத்தில் வேலையில்லாதவர் கணக்கிலும் வரமாட்டார், வேலை செய்பவர் கணக்கிலும் வரமாட்டார். பொருளாதார ரீதியாக நியாயம் இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அவரிடம் போய் யார் சொல்வது?

இப்படிப் பணப்புழக்கத்துக்கு வெளியே நிற்கும் குடும்பங்கள் 39 சதவீதம் என்று அரசு சொல்லிவந்தது. அவர்களை உள்ளே இழுக்கத்தான் 2022-இல் 'பாரிஷ் வளர்ச்சித் திட்டம்' தொடங்கினார்கள். பாரிஷ் என்பது சில கிராமங்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு. ஒரு குடும்பத்துக்குப் பத்து லட்சம் ஷில்லிங் கடன், வட்டி 6 சதவீதம். நான் பேசிய வீடுகளில் ஒன்றுக்குக் கிடைத்திருக்கிறது, பன்றி வாங்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறது என்கிறார்கள்.

வெள்ளி, மசாகா

இந்தப் பயணத்தில் நான் மிகவும் ரசித்த மூன்று மணி நேரம் இன்றுதான். ஒரு சேமிப்புக் குழுவின் ஆண்டுக் கணக்கு முடிப்பு.

மாமரத்தடியில் பாய்கள். பெண்கள் 20-க்கு மேல், ஆண்கள் நான்கைந்து பேர். நடுவில் நீல நிற இரும்புப் பெட்டி. அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று வெவ்வேறு ஆள்களிடம், பெட்டி நான்காவது ஆள் வீட்டில். நான்கு பேரும் ஒத்துழைத்தால்தான் திருட முடியும். "நால்வரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாதவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம்" என்று தலைவி சொன்னதும் கூட்டமே சிரித்தது. தாமதமாக வந்த ஒருவர் அபராதமாக 500 ஷில்லிங்கைக் கிண்ணத்தில் போட்டார்.

வாரம் ஒரு கூட்டம். ஒவ்வொருவரும் ஒன்றிலிருந்து ஐந்து பங்கு வரை வாங்கலாம். பங்குக்கு ஒரு முத்திரை, பாஸ்புக்கில் குத்திவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் முத்திரையை எண்ணிக்கொள்ளலாம். சேர்ந்த பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குக் கடன். வட்டி மாதத்துக்குப் பத்து சதவீதம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அந்த வட்டியும் பெட்டிக்குள்தான் விழுகிறது, வருடக் கடைசியில் பங்குப்படி அவர்களுக்கே திரும்பி வருகிறது. கூட்டம் முடியும்போது பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை எல்லோரும் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்கிறார்கள். அடுத்த வாரம் பெட்டியைத் திறக்கும் முன் யாரையாவது எழுப்பிக் கேட்பார்கள். கணக்குத் தணிக்கைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு பெரிய கம்பெனிகளில்கூட இருக்குமா என்று சந்தேகம்தான்.

இந்த முறையை முதலில் வகுத்தது 1991-இல், நைஜர் நாட்டில், கேர் என்ற தொண்டு நிறுவனம். இன்று ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிவிட்டது. வெளியிலிருந்து ஒரு காசுகூட உள்ளே வருவதில்லை. அதனால் இது ஒருவருடைய வருமானத்தைக் கூட்டுகிறதா என்றால், பெரிதாக இல்லை. இது செய்வது வேறு: ஐந்நூறும் ஆயிரமுமாக வந்து கரைந்துபோகும் காசைப் பிடித்துவைத்து, வேண்டிய தேதியில் ஒரே கட்டாகத் திருப்பித் தருகிறது. இவர்கள் கணக்கு முடிப்பை டிசம்பரிலிருந்து ஜனவரி இறுதிக்கு மாற்றியதே ஃபீஸுக்காகத்தான். "கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தால் கிறிஸ்துமஸ் தின்றுவிடும்" என்றார் செயலாளர்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் பங்கை வாங்கியதும் எண்ணவில்லை. முதலில் மூன்றாகப் பிரித்தார். தடித்த கட்டு, இரண்டு பிள்ளைகளுக்கு ஃபீஸ். அடுத்தது மளிகைக் கடைப் பாக்கி. மெலிந்த மூன்றாவதைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டார், கூரைக்கு நான்கு தகரம். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக எண்ணினார். தகரம் மூன்றாகக் குறைந்தது.

சனி, ஜிஞ்சா

நைல் நதி விக்டோரியா ஏரியை விட்டுக் கிளம்பும் ஊர். 1954-இல் இங்கே அணை திறந்தார்கள், மின்சாரத்தை நம்பி ஆலைகள் வந்தன, நாட்டின் தொழில் நகரமானது. 1972-இல் அப்போதைய அதிபர் இடி அமீன் ஆசிய வம்சாவளியினரை 90 நாளில் வெளியேறச் சொன்னார். ஆலைகள் கை மாறின, பல படுத்துவிட்டன. மெயின் ரோட்டின் பழைய கட்டட முகப்புகளில் குஜராத்திப் பெயர்களும் ஆண்டுகளும் இன்னும் தெரிகின்றன. பிற்பாடு சிலர் திரும்பி வந்தார்கள்; ககிராவின் சர்க்கரை ஆலை மறுபடி ஓடுகிறது.

ஊரை விட்டு வெளியே வந்தால் கண்ணுக்கு எட்டியவரை கரும்பு. முதல் வெட்டுக்கு ஏறக்குறைய 18 மாதம். சிறு விவசாயி 18 மாதம் காத்திருக்க முடியாது, ஆகவே நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார். மொத்தத் தொகை கையில் வரும். ஒரு ஆபரேஷன், ஒரு கல்யாணம், சில வருட ஃபீஸ் முடியும். அப்புறம் நிலம் இல்லை. நான் பேசிய ஒருவர் தன் நிலத்துக் கரும்பையே தினக்கூலிக்கு வெட்டிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை, எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. வீட்டுச் சோற்றுக்கு மரவள்ளி போட ஓரத்தில் பத்தடி அகலம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர். மாதச் சம்பளம் 5 லட்சம் ஷில்லிங்குக்குக் கொஞ்சம் கீழே. 2022-இல் அரசு மேல்நிலைப் பள்ளிப் பட்டதாரி அறிவியல் ஆசிரியர்களுக்கு மட்டும் 40 லட்சமாக உயர்த்தியது. கலைப் பாட ஆசிரியர்கள் அந்த ஜூனில் வேலைநிறுத்தம் செய்தார்கள். "நியூட்டனைச் சொல்லிக் கொடுத்தால் 40, நியூட்டன் என்று எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தால் 5" என்றார் இவர். சம்பளத்தில் பாதி கடனுக்குப் பிடித்தம். மாலையில் கோழி, விடுமுறையில் மக்காச்சோளம். ஆனாலும் திங்கட்கிழமை போடா ஓட்டியவரோடு இவரை மாற்றிக்கொள்ளச் சொன்னால் மாறுவாரா என்று கேட்டேன். "மாட்டேன். அவனுக்கு யார் லோன் கொடுப்பார்கள்?"

ஞாயிறு, ஜிஞ்சா

விடுதி வாசலில் இரவுக் காவலர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், சம்பளம் சொற்பம். ஓவினோவில் நல்ல வாரத்தில் வரும் லாபம் இவருக்கு மாதம் முழுக்க நின்றாலும் வராது என்று நினைக்கிறேன். ஆனால் ஐந்தாம் தேதி காசு வந்துவிடும். அது தெரிந்ததால் கடைக்காரர் அரிசியும் சோப்பும் கடனுக்குக் கொடுக்கிறார், வீட்டுக்காரர் முன்பணம் கேட்கவில்லை. காப்பிப் பூவை விற்க வேண்டிய நிலை இவருக்கு வராது. வருமானம் எவ்வளவு என்பதைப் போலவே எந்தத் தேதியில் என்பதும் ஒரு சொத்து. வறுமைக் கணக்கெடுப்புகளில் அந்தச் சொத்துக்குக் கட்டம் கிடையாது.

அப்படியானால் எல்லோரையும் சம்பள வேலைக்கு அனுப்பிவிட்டால் ஆயிற்றா? அவ்வளவு சுலபமில்லை. கிறிஸ்டோபர் பிளாட்மன், ஸ்டீபன் டெர்கான் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவில் ஐந்து நிறுவனங்களோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். வேலைக்கு விண்ணப்பித்த ஆயிரம் பேருக்குச் சற்றுக் குறைவானவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்கு ஆலை வேலை. சிலருக்கு 300 டாலரும் தொழில் பயிற்சியும். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஆலைக்குப் போனவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒரு வருடத்துக்குள் விட்டுவிட்டார்கள். கூலி வெளியில் கிடைப்பதைவிட அதிகமில்லை, உடல்நலக் கேடு மட்டும் அதிகம். 300 டாலர் வாங்கியவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று கூட்டத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை.

உகாண்டாவின் வடபகுதியிலும் இதே கதைதான். 2008-இல் இளைஞர் குழுக்களுக்குத் தலைக்கு ஏறத்தாழ 400 டாலர் அரசுப் பணம். தையல், தச்சு, வெல்டிங் கற்றுக் கருவி வாங்கினார்கள். நான்கு வருடத்தில், பணம் கிடைக்காதவர்களைவிட வருமானம் 38 சதவீதம் கூட. ஒன்பதாவது வருடத்தில் கிடைக்காதவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். 'பலன் கரைந்துவிட்டது' என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்க மாட்டேன். ஒரு கூட்டம் சில வருடம் முன்னதாக மேலே ஏறியது. மற்றவர்கள் அந்தத் தொகையைச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஏற அத்தனை காலம் பிடித்தது. 22 வயதில் இருக்கும் ஒருவருக்கு அந்த வருடங்கள்தானே கல்யாணமும் முதல் குழந்தையும்?

நாட்டளவில் பார்த்தால் முன்னேற்றம் உண்டு, மறுக்க வேண்டியதில்லை. உகாண்டாவின் தேசிய வறுமைக் கோட்டுக்குக் கீழே 1992-93-இல் 56 சதவீதம் பேர், 2023-24-இல் 16 சதவீதம். ஆனால் அந்தக் கோடு மிகவும் தாழ்வாகப் போட்ட கோடு. உலக வங்கியின் கோட்டை, அதாவது ஆளுக்கு நாளொன்றுக்கு 2.15 டாலரை, வைத்தபோது, 2019-20 கணக்கிலேயே 40 சதவீதத்துக்கு மேல் கீழே இருந்தார்கள். 2025-இல் அந்தக் கோட்டை 3 டாலருக்கு ஏற்றியிருக்கிறார்கள். நேற்று பார்த்த கரும்பு வெட்டும் ஆள் எந்த வருடம் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். குத்தகைப் பணம் வந்த வருடம் நிச்சயம் மேலேதான் இருந்திருப்பார்.

திங்கள், என்டெபே

விமான நிலையத்தில் ஒரே நிறச் சட்டையில் முப்பது நாற்பது பெண்கள். ஏஜென்சி கொடுத்த சட்டை, முதுகில் ஏஜென்சி பெயர். வீட்டு வேலைக்குச் சவூதி போகிறார்கள். கொடுமைப் புகார்கள் குவிந்து, 2016-இல் அரசே இதை நிறுத்தியது. 2017-இல் புது ஒப்பந்தம் போட்டு மறுபடி திறந்தது. சம்பளப் பாக்கி, பறித்து வைத்த பாஸ்போர்ட், அடி என்று புகார்கள் ஓயவில்லை, கூட்டமும் குறையவில்லை. வெளிநாட்டிலிருக்கும் உகாண்டாக்காரர்கள் அனுப்பும் பணம் வருடத்துக்கு நூறு கோடி டாலரைத் தாண்டுகிறது.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கம்பாலாவில் சலூனில் பின்னல் போட்டுக்கொண்டிருந்தவர். பேசியிருக்கும் சம்பளம் 900 ரியால். ஷில்லிங்கில் ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பஸ்ஸில் பார்த்த ஆசிரியரின் சம்பளத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஆபத்து தெரியுமா என்று கேட்டால் அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரிகிறது. அக்காள் மகள் ஒருத்தி பாதியில் திரும்பி வந்தவள்.

போனில் ஒரு நோட்டுப் பக்கத்தைக் காட்டினார். இரண்டு வருட ஒப்பந்தம், 24 வரி. முதல் மூன்று மாதம் ஏஜென்சிக் கடன். நான்கிலிருந்து ஒன்பது வரை தம்பியின் ஃபீஸும் அம்மாவின் கடனும். பத்தாம் மாதத்திலிருந்து மனை, பிறகு செங்கல், பிறகு சலூனுக்கு இரண்டு ஹேர் டிரையர். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதே 900.

ஒரு மாதம் சம்பளம் வராமல் போனால் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "அம்மா மாட்டை விற்பார், ஸெபோ. அதற்குத்தான் அதை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்."